மறைந்து நிற்கும் பழுது: பழைய மோட்டார் வண்டியின் விளக்கைப் பற்றிய ஒரு விளக்கம்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கிய ஆராய்ச்சி ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். நாம் எழுதப் புகுந்ததோ பழைய மோட்டார் வண்டியொன்றின் விளக்கைப் பற்றி. இதனைக் கண்டு முறுவலிக்கும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்தருள வேண்டும். ஏட்டிலே கற்ற சில உண்மைகளை எமக்குச் செவ்வையாக விளங்கவைத்தது அந்த விளக்கேயாகும். அன்றியும், இருள்வழியிலே ஓர் உயிரையேனும் காக்கக்கூடிய செய்தியை அறிந்தவர் பிறர்க்குச் சொல்லாதிருத்தல் முறையன்று.

அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், ஒரு மலைமுதுகின்மேல் அமைந்த ஊர். தெற்கே நோக்கினால் மலை சட்டென இறங்கித் தாழ்நிலத்தைக் காட்டும். வடக்கே நோக்கினால் ஊவாவின் மேட்டுநிலம் தேயிலைப் பசுமையோடு விரிந்து கிடக்கும். மாலையானதும் சரிவிலிருந்து முகில் ஏறிவந்து தெருவை மூடிவிடும். பதுளை நகரின் உயரமோ ஏறத்தாழ 680 மீற்றரேயாதலால், பதுளையிலிருந்து ஹாலிஎல, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு வருபவர் 750 மீற்றர் அளவு ஏறவேண்டும். அவ்வழியெங்கும் வளைவுகள்; ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். தோட்டத்து லயமொன்றில் நள்ளிரவிலே ஒருவருக்கு நோய் கண்டால், அயலிலுள்ள ஒரு முச்சக்கர வண்டியோ பழைய காரோதான் துணை. இத்தகைய வழியிலே வண்டியின் விளக்கு என்பது அணியன்று, கண்ணேயாகும்.

எம்மிடமுள்ள வண்டி தந்தையார் விட்டுச்சென்ற ஒரு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அவ்வண்டி 1948ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளிவந்து, 1971 வரை பதினாறு இலட்சத்திற்கு மேலாகச் செய்யப்பட்டது. நம் பழைய மாணவர்களுள் மூத்தோர் பலர், ஆசிரியர் ஒருவருடைய மொறிஸ் மைனர் கல்லூரி வாயிலில் நுழையும் ஓசையைக் கேட்டு வகுப்புக்கு ஓடியதை மறந்திருக்கமாட்டார். இலங்கையிலே அவ்வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் கம்பிகளுக்கும் அறுபது வயது கடந்துவிட்டது என்பதை நாம் நினைப்பதில்லை.

ஓர் இரவு, பதுளையிலே நடந்த தமிழ்த்தினப் போட்டி முடிந்து, மாணவர் மூவரை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பண்டாரவளையைக் கடந்து ஏறும்போது, ஒரு வளைவிலே முகப்பு விளக்குகள் இரண்டும் ஒருங்கே அணைந்தன. நாம் சென்ற வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர் அளவேயிருக்கும். அவ்வேகத்தில் 3 நொடியில் வண்டி 25 மீற்றர் செல்லும். தடையை அழுத்தி நிறுத்துமுன் அந்த மூன்று நொடியும் கழிந்தன. விளக்குகள் ஒன்றும் நடவாதது போல மீண்டும் எரிந்தன. பின்னிருக்கையிலே பேச்சொலி நின்றுவிட்டது. பிறர் பெற்ற பிள்ளைகள் மூவர் வண்டியில் இருக்கின்றனர் என்ற நினைவு அப்போதுதான் எம் நெஞ்சைச் சுட்டது. முன்னிருக்கையிலிருந்த மாணவி மாத்திரம், “சேர், மீற்றர் தெரிந்தது, அதற்குள்ளே இருக்கிற பொட்டு வெளிச்சந்தான் போயிற்று” என்றாள். அச்சொல்லின் அருமையை அன்று நாம் உணரவில்லை.

மறுநாள் வண்டியைத் திருத்துமிடத்திற்குக் கொண்டு சென்றோம். ஆளியைத் திருப்பியதும் விளக்குகள் நன்றாகவே எரிந்தன. அங்கிருந்தவர் எம்மை இரக்கத்தோடு நோக்கி, “லைற் எரியுதுதானே, சேர்?” என்றார். எரிகின்ற விளக்கிலே எவ்வாறு பழுது காண்பது? பழைய வண்டியின் மின்பழுதுகளுள் மிகவும் தொல்லை தருவது இதுவே. முற்றாக அற்றுப்போன கம்பியைக் கண்டுபிடித்தல் எளிது. இடையிடையே விட்டுவிட்டு வரும் பழுதோ, மருத்துவரைக் கண்டதும் தணிந்துவிடும் காய்ச்சலைப் போன்றது.

சைவ சித்தாந்த நூலார் உண்மையை அறியும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகக் கொள்வர். நாம் முதலிற் பற்றியது உரையை. ஒருவர் மின்குமிழை மாற்றச் சொன்னார். மற்றொருவர் தைனமோவைக் குறை கூறினார். வேறொருவர் கம்பிகள் அனைத்தையும் புதிதாக இடவேண்டும் என்றார். இன்னொருவர், இவ்வண்டிகளுக்கு மின்னுறுப்புகள் செய்த லூக்காஸ் நிறுவனத்தாரை ‘இருளின் இளவரசர்’ என மோட்டார்க்காரர் கேலி செய்வதை எடுத்துச் சொல்லி நகைத்தார். குமிழ்களை மாற்றினோம், பயனில்லை.

பின்னர்க் கருதலளவையைக் கைக்கொண்டோம். அதற்கு மின்னோட்டம் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் விளக்கு ஆளியை அடைகின்றது. ஆளியின் முதல் நிலையிலே முன்னுள்ள சிறு விளக்குகளும் பின்விளக்குகளும் எரியும். இரண்டாம் நிலையிலே முகப்பு விளக்குகளும் சேர்ந்து எரியும். முகப்பு விளக்குக்குரிய கம்பி ஆளியிலிருந்து புறப்பட்டு, ஓட்டுநரின் இடக்காலருகே தளத்திலுள்ள மிதி ஆளிக்குச் செல்லும். தொலைவொளி, தாழ்வொளி என்னும் இரண்டிலொன்றைத் தெரிவது அம்மிதி ஆளி. அங்கிருந்து மின்னோட்டம் இரு விளக்குகளுக்கும் பிரிந்து சென்று, வண்டியின் உலோக உடலைத் திரும்பு வழியாகக் கொண்டு மின்கலத்தை மீண்டும் அடையும்.

இக்கம்பிகளின் நிறங்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. மின்கலத்திலிருந்து நேரே வருவது பழுப்பு. சிறு விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் செல்வது சிவப்பு. உடலோடு தொடுப்பது கறுப்பு. முகப்பு விளக்குக்கு உரியது நீலம். நீலத்தின்மேல் வெள்ளைக் கோடு இருப்பின் தொலைவொளி. சிவப்புக் கோடு இருப்பின் தாழ்வொளி. பகுபதத்திலே பகுதி பொருளைத் தர, விகுதி அதனை வேறுபடுத்துவதுபோல, இங்கே அடிநிறம் பகுதி, மேற்கோடு விகுதி என்று எம் மாணவர்க்குச் சொன்னோம். அவர்கள் அதனை ஒருமுறை கேட்டே நினைவிற் கொண்டனர்.

இவ்வழியை அறிந்தபின், எது அணைந்தது, எது அணையவில்லை என்று வினாவுதலே பாதி வேலையை முடித்துவிடும். ஒரு பக்க விளக்கு மாத்திரம் அணையுமாயின், பழுது அவ்விளக்கின் குமிழிலோ அதன் பொருத்திலோ அதற்குரிய உடற்றொடுப்பிலோ இருக்கும். தொலைவொளி மாத்திரம் இரு பக்கமும் அணையுமாயின், மிதி ஆளியின் ஒரு முனையையோ நீல வெள்ளைக் கம்பியையோ நோக்குக. வண்டியிலுள்ள விளக்குகள் அனைத்தும், ஊதுகுழலும் கூட, ஒருங்கே ஓயுமாயின் மின்கலத்தின் முனைகளை நோக்குக. வண்டி நிற்கும்போது மங்கி, இயந்திரம் விரையும்போது ஒளி மிகுமாயின், அது பழுதன்று. மெதுவாகச் சுழலும் தைனமோ போதிய மின்னோட்டம் தாராது என்பதே காரணம்.

எமது வண்டியிலே முகப்பு விளக்குகள் இரண்டும் அணைந்தன. மீற்றரின் விளக்கு எரிந்தது. அது சிறு விளக்குகளின் வழியைச் சேர்ந்தது. ஆகவே மின்கலத்திலிருந்து ஆளி வரையிலான வழி குற்றமற்றது. இரு குமிழ்களும் ஒரே நொடியிற் கெட்டு ஒரே நொடியில் நலமாதல் இயலாது. ஆகவே குமிழ்களும் குற்றமற்றன. இனி, மாணவி கண்ட ‘பொட்டு வெளிச்சம்’ யாது? தொலைவொளி எரிகின்றது என ஓட்டுநருக்கு உணர்த்தும் அறிகுறி விளக்கு அது. மிதி ஆளியைக் கடந்து வரும் மின்னோட்டமே அதற்கும் செல்லும். அதன் உடற்றொடுப்போ வேறு இடத்தில் உள்ளது. அதுவும் உடன் அணைந்தமையால், முகப்பு விளக்குகளின் உடற்றொடுப்பும் பழியினின்று நீங்கிற்று. எஞ்சியவை மூன்று: ஆளியின் இரண்டாம் நிலை முனை, அதிலிருந்து செல்லும் நீலக் கம்பி, மிதி ஆளி. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கண் அரை வண்டியை ஆராய்ச்சியினின்று விலக்கிவிட்டது.

மூன்றனுள் மிதி ஆளியே குற்றவாளி என்று துணிந்தோம். மழைக்காலத்திலே நனைந்த காலணி அதன்மேற் படுவது இயல்பன்றோ? அதனைக் கழற்றித் துடைத்துப் பூட்டினோம். பதினெட்டு நாள் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. குணமாயிற்று என மகிழ்ந்தோம். பத்தொன்பதாம் நாள், பெரகலைக்கு இறங்கும் வழியிலே, முகிலின் நடுவே அவை மீண்டும் அணைந்தன. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். விட்டுவிட்டு வரும் பழுது எப்படியும் சில நாள் வாராதிருக்கும். அந்நாள்களிலே நாம் எதைத் தொட்டோமோ அதுவே மருந்தென மயங்குகின்றோம். கருதலளவையும், மெய்ப்பிக்கப்படாதவரையில், நல்லுடை அணிந்த ஊகமே.

அதன்பின் ஒரு சிறு குறிப்பேடு வைத்தோம். விளக்கு அணைந்த நாள், வானிலை, அதுவரை எவ்வளவு நேரம் எரிந்தது என்பவற்றை எழுதினோம். ஐந்து முறை எழுதியதும் ஓர் உண்மை தெரிந்தது. மழைநாளிலும் அணைந்தது, வெயில் காய்ந்த நாளின் இரவிலும் அணைந்தது. ஆனால் அரைமணி நேரமேனும் எரியாமல் ஒருமுறையும் அணையவில்லை. திருத்துமிடத்திலே ஐந்து நிமிடம் எரித்துப் பார்த்தவர்க்கு அது காட்சி தராமையில் வியப்பில்லை. பழுது வெப்பத்தோடு தொடர்புடையது என்பது இதனால் அறியலாயிற்று.

இனிக் காண்டல். சிறு மின்குமிழ்கள் இரண்டை எடுத்து ஒவ்வொன்றிலும் இரு கம்பிகளைப் பொருத்தினோம். ஒன்றை விளக்கு ஆளியில் நீலக் கம்பி புறப்படும் இடத்திலும், மற்றொன்றை அதே நீலக் கம்பி மிதி ஆளியைச் சேரும் இடத்திலும் தொடுத்து, இரண்டின் மறுமுனைகளையும் வண்டியின் உடலோடு இணைத்தோம். பாடசாலைச் சுவரொன்றின் முன் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை மிதமாக ஓடவிட்டு, விளக்குகளை எரித்துக்கொண்டு காத்திருந்தோம். முப்பத்தைந்தாம் நிமிடத்திலே சுவர் இருண்டது. முதற் குமிழ் எரிந்தது; இரண்டாவது அணைந்திருந்தது. ஆளியும் குற்றமற்றது, மிதி ஆளியும் குற்றமற்றது. பழுது அவ்விரண்டிற்கும் இடையே, நீலக் கம்பியிலே உள்ளது.

மின்கலத்தின் தொடுப்பைக் கழற்றியபின் தளவிரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். நீலக் கம்பியிலே எக்காலத்திலோ எவரோ செய்த ஓர் ஒட்டு இருந்தது. இரு முனைகளையும் முறுக்கி, கறுப்பு நாடாவைச் சுற்றியிருந்தனர். நாடாவை அவிழ்த்தபோது, பல இழைகளுள் சிலவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றிலும் பச்சை நிறமாகக் களிம்பு படிந்திருந்தது. செம்பிற் களிம்பை ஆணவ மலத்திற்கு உவமையாகச் சித்தாந்தம் கூறும். அது செம்போடு உடன்பிறந்தது என்பது அங்குக் கருத்து. இங்குள்ள களிம்போ அயலாகிய ஈரத்தால் வந்தது. அரத்தாளே அதற்குப் போதும். ‘இருளின் இளவரசர்’ என்று நாம் கேட்டு நகைத்த கேலி எவ்வளவு பொருந்தாதது என்பதும் விளங்கிற்று. வண்டியைச் செய்தவர் செய்த ஒட்டன்று அது.

ஒட்டைப் பிரிக்குமுன் ஒன்று செய்தோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே. மின்கலத்தை மீண்டும் தொடுத்து, விளக்குகளை எரியவிட்டு, அழுத்தத்தை அளக்கும் மானியின் ஒரு முனையை ஒட்டின் இப்புறத்திலும் மறுமுனையை அப்புறத்திலும் வைத்தோம். விளக்குகள் நன்றாக எரிந்துகொண்டிருந்தன. ஆயினும் மானி 1.7 வோல்ற்று எனக் காட்டிற்று. நல்ல ஒட்டாயின் பத்திலொரு வோல்ற்றும் காட்டலாகாது.

இதன் பொருளை ஓமின் விதி உணர்த்தும். கொலோன் நகரிலே பள்ளி ஆசிரியராக இருந்து ஆராய்ந்த ஜோர்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டிலே வெளியிட்ட உண்மை அது: மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் வருவது அழுத்தம். 60 வாற்று விளக்குகள் இரண்டு 12 வோல்ற்றிலே 10 அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். இரண்டும் சேர்ந்த தடை 1.2 ஓம். வழியிலே ஓர் ஒட்டின் தடை 0.2 ஓம் மாத்திரமே எனக் கொள்வோம். மின்னோட்டம் 8.6 அம்பியராகக் குறையும்; ஒட்டிலே 1.7 வோல்ற்று வீணாகும். விளக்கை அடைவது 10.3 வோல்ற்று. அழுத்தம் சிறிது குறையினும் மின்குமிழின் ஒளி பெரிதும் குறையுமாதலால், ஒளி ஏறத்தாழ அறுபது விழுக்காடாகிவிடும். ஒட்டில் வீணாகும் ஆற்றலோ ஏறத்தாழ 15 வாற்று. 6 வாற்றுச் சிறு மின்குமிழ்கள் இரண்டினும் மிக்க வெப்பம், நாடா சுற்றிய ஒரு முடிச்சுக்குள் அடைபட்டு நிற்கின்றது. வெப்பத்தால் இழைகள் விரிந்து தளரும். தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் வெப்பம் இன்னும் மிகும். இறுதியில் இழைகள் விலக, இருள் சூழும். குளிர்ந்ததும், அல்லது வண்டி ஒருமுறை குலுங்கியதும், அவை மீண்டும் தொடும்.

ஆகவே, பழுது வந்து போகவில்லை. அது எந்நாளும் அங்கேயே இருந்தது. வந்து போனது அதன் வெளிப்பாடேயாகும். விளக்குகள் எரிந்த இரவுகளிலும் அவை குறையொளியோடுதான் எரிந்தன. நாம் அதனை எம் கண்ணின் வயதென்று எண்ணியிருந்தோம். சுவரின் முன் நின்றபோதும், இரண்டாம் குமிழ் முதற் குமிழினும் மங்கலாக எரிந்ததைக் கண்டோம், பொருட்படுத்தவில்லை. திருத்துமிடத்திலே முதல்நாளே மானியை வைத்திருந்தால், பட்டப்பகலிற் பத்து நிமிடத்திலே கண்டிருக்கலாம்.

எனவே பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்க்கு நாம் கூறும் முறை இது. முகப்பு விளக்குகளை எரியவிட்டு, மின்கலத்தின் உடலோடு தொடுக்காத முனைக்கும் விளக்கின் மின்வரும் முனைக்கும் இடையே அளந்து பார்க்க. அரை வோல்ற்றுக்கு மேல் காட்டுமாயின் வழியிலே பழுது உண்டு. பின்னர் அவ்வழியை மின்கலம் முதல் ஆளி வரை, ஆளி முதல் மிதி ஆளி வரை, மிதி ஆளி முதல் விளக்கு வரை எனப் பகுத்து அளக்க. எப்பகுதியிலே மிகுதி காட்டுகின்றதோ அப்பகுதியை மீண்டும் இரண்டாகப் பகுக்க. இவ்வாறே விளக்கின் கறுப்புக் கம்பிக்கும் மின்கலத்தின் உடற்றொடுப்பு முனைக்கும் இடையே அளந்தால் திரும்பு வழியின் குறையும் வெளிப்படும். விளக்கு எரியாதபோது அளப்பது பயனற்றது. மின்னோட்டம் இல்லாவிடத்துத் தடை தன்னைக் காட்டாது.

எச்சரிக்கைகளும் சில உள. இவ்வகைப் பழைய வண்டிகளிலே முகப்பு விளக்குகளின் வழியில் உருகி இல்லை. ஆதலாற் கம்பி உடலிலே தொட்டால் கம்பிக் கட்டு முழுவதும் எரியலாம். கம்பிகளை அசைத்துப் பார்ப்பதாயின் மரக்கோலால் அசைக்க. எதனையும் கழற்றுமுன் மின்கலத்தின் தொடுப்பை நீக்குக. மொறிஸ் மைனர் செய்யப்பட்டபோது அதன் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு தொடுக்கப்பட்டது. பின்னர்ச் சிலர் மாற்றியுள்ளனர். புதுவகை விளக்கோ வானொலியோ பூட்டுமுன் எம்முனை என்பதைப் பார்த்துக்கொள்க. உருகி அடிக்கடி எரியுமாயின் அவ்விடத்திலே தடித்த கம்பியை இடற்க. அது நோயை விட்டு நோயை அறிவித்தவனை அடிப்பதாகும்.

பழைய ஒட்டை வெட்டி நீக்கி, புதுக் கம்பித் துண்டொன்றை முறையாகப் பொருத்தினோம். ஆன செலவு மிகச் சிறிது. அன்று முதல் அவ்விளக்குகள் அணைந்ததில்லை. ஆயினும் ஆண்டுக்கொருமுறை, மழைக்காலம் தொடங்குமுன், மானியை வைத்துப் பார்க்கின்றோம்.

ஆசிரியத் தொழிலுக்கும் இதிலே ஒரு பாடம் இருந்தது. வகுப்பிலே சில மாணவர் ஒருநாள் நன்றாக விடை கூறுவர்; மறுநாள் தடுமாறுவர். நல்ல நாளிலே பாராட்டியும் தடுமாறிய நாளிலே கடிந்தும் நாம் கடமை முடிந்ததென இருந்துவிடுகின்றோம். எங்கோ கீழ்வகுப்பிலே அரைகுறையாக இடப்பட்ட ஓர் ஒட்டு உள்ளே இருக்கின்றது. எளிய வினாவுக்கு அது தாங்கும், சுமை ஏறினால் விட்டுவிடும். அவன் நன்றாக விடை கூறும் நாளிலேயே அதனைத் தேடிக் காணவேண்டும் என்பதை நாம் கற்றது தளவிரிப்பின் கீழிருந்த அந்த நீலக் கம்பியிடமேயாகும்.

மலைநாட்டிலே இரவில் வண்டி செலுத்தும் நம் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்கள் பின்னிருக்கையிலும் பிறர் பெற்ற பிள்ளைகள் இருப்பர். விளக்கு எரிகின்றது என்பதனால் மாத்திரம் அது நலமாயிருக்கின்றது என்று கொள்ளற்க. ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்கி, அளந்து பார்த்து, அச்சமின்றிச் செல்க. நம்மையெல்லாம் வழிப்படுத்திய கல்லூரி அன்னையின் ஒளி நீடு நின்று நிலவுக.